இங்கிலாந்துப் பள்ளியில் பிள்ளைக்கு லீவு: எதைச் சொல்ல வேண்டும், எதைக் காட்ட வேண்டும், எதைச் சொல்ல வேண்டியதில்லை

இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே பல குடும்பங்கள் இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்கின்றன. பிள்ளைக்கு நல்ல காய்ச்சல், பள்ளிக்கு அனுப்ப வழியில்லை. நம் ஊர் பழக்கத்தில் உடனே மெடிக்கல் சர்ட்டிபிகேட் தேடுகிறோம். ஜிபி எனும் குடும்ப டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டால், பள்ளி லீவுக்கெல்லாம் நாங்கள் கடிதம் தருவதில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். பள்ளியிலிருந்தோ 'ஏன் வரவில்லை' என்று மெசேஜ் மேல் மெசேஜ். பதறிப்போய், பிள்ளையின் மருத்துவ வரலாறு முழுவதையும் ஈமெயிலில் எழுதி, ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறார்கள். கடிதத்துக்காக அலைந்ததும் அவசியமில்லை, அத்தனையும் அனுப்பியதும் அவசியமில்லை.

இங்கே சாதாரண நோய்க்குப் பெற்றோர் அன்று காலையில் சொல்லும் வார்த்தைதான் ஆவணம். டாக்டர் கடிதம் என்பது விதிவிலக்கு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாகப் புரியும்.

கீழே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி விதிகள். இங்கிலாந்தில் இப்போது நடப்பில் உள்ள வருகைப்பதிவு ஒழுங்குவிதிகளும் அரசின் வழிகாட்டியும் 2024 ஆகஸ்ட் 19 முதல் அமலில் இருக்கின்றன. அதற்கு முந்தைய அனுபவத்தை வைத்து நண்பர்கள் சொல்லும் யோசனைகளில் சில இன்று பொருந்தாது.

ரெஜிஸ்டர் எப்படி ஓடுகிறது

ஒரு பள்ளி நாள் இரண்டு அரைநாட்களாகக் கணக்கிடப்படுகிறது. காலை தொடக்கத்தில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை பெயர் குறிக்கிறார்கள். வழக்கமான கல்வியாண்டு 190 நாள், அதாவது 380 அரைநாள். கடிதம், அபராதம், சதவீதம் எல்லாமே இந்த அரைநாள் கணக்கில்தான் வரும். 'உங்கள் பிள்ளை 10 செஷன் வரவில்லை' என்று வந்தால் அது 5 நாள்.

ஒவ்வொரு அரைநாளுக்கும் ஒரு எழுத்து உண்டு. 'ஐ' என்றால் நோய். உடல்நோயும் மனநலமும் இரண்டும் இதற்குள் அடங்கும். 'எம்' என்றால் டாக்டர், பல் டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட். 'சி' என்றால் தலைமையாசிரியர் முன்கூட்டி அனுமதித்த லீவு. 'ஆர்' என்றால் சமயப் பண்டிகை. இந்த நான்கும் ஏற்கப்பட்ட லீவு. 'ஜி' என்றால் அனுமதியில்லாமல் சுற்றுலா போனது. 'யு' என்றால் ரெஜிஸ்டர் மூடிய பிறகு வந்தது. 'ஓ' என்றால் காரணம் சொல்லாதது, அல்லது சொன்னதைப் பள்ளி ஏற்காதது. இந்த மூன்றும் ஏற்கப்படாதவை.

இவற்றுக்கு நடுவே 'என்' என்று ஒன்று இருக்கிறது. 'காரணம் இன்னும் தெரியவில்லை' என்று பொருள். அதைப் பள்ளி 5 பள்ளி நாட்களுக்குள் வேறு எழுத்தாக மாற்றியாக வேண்டும். அதற்குள் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 'ஓ' ஆகிவிடும். பிள்ளை நிஜமாகவே காய்ச்சலில் படுத்திருந்த நாட்கள் ஏற்கப்படாத லீவாக ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான். நோய் பொய் என்று யாரும் நினைப்பதில்லை, யாரும் போன் பண்ணவில்லை, அவ்வளவுதான்.

உடம்பு சரியில்லாத அன்று காலை

1. பள்ளி குறித்திருக்கும் நேரத்துக்குள் தெரிவியுங்கள். எந்த நேரம், எந்த வழி (போன், ஆப், ஈமெயில்) என்பது பள்ளியின் இணையதளத்தில் வருகைக் கொள்கை ஆவணத்தில் இருக்கும். பெரும்பாலான பள்ளிகளில் வருகைக்கென்றே தனி வாய்ஸ்மெயில் உண்டு, இரவிலும் பேசி வைக்கலாம்.

2. நான்கு விஷயம் போதும்: பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, வராத காரணம் ஒரே வரியில், எப்போது திரும்புவார் என்ற உத்தேசம். "3பி வகுப்பு, இன்னார். நேற்று இரவு முதல் வாந்தி. இன்றும் நாளையும் வரமாட்டார், புதன்கிழமை காலை மறுபடி தெரிவிக்கிறேன்." இதற்கு மேல் ஒரு வரி கூட வேண்டாம்.

3. 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். பல பள்ளிகள் அதை ஏற்காமல் திருப்பிக் கேட்கும். காய்ச்சல், வாந்தி, காதுவலி என்று அறிகுறியைச் சொல்லுங்கள். நோயின் பெயரையோ, எந்த மருந்து சாப்பிடுகிறார் என்பதையோ சொல்ல வேண்டியதில்லை.

4. லீவு நீண்டால் தினமும் சொல்லுங்கள், பள்ளி வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய. திங்கட்கிழமை போன் பண்ணியதே வாரம் முழுதுக்கும் போதும் என்று எண்ணி விட்டுவிடுவதால் செவ்வாய் முதல் 'என்' விழுந்த கதைகள் நிறைய.

5. போனில் சொன்னாலும், அன்றே இரண்டு வரி ஈமெயில் அனுப்பி வையுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேள்வி வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், எழுதி அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளையையே பேச வைக்காதீர்கள். மீட்டிங் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையின் உடல்நிலையைப் பற்றிய பேச்சில் அந்தப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக உட்காருவது அதற்கும் பாரம், தகவலும் சரியாகப் போய்ச் சேராது.

எந்த நோய்க்கு எத்தனை நாள்

சளி, லேசான இருமலுக்கு நிறுத்த வேண்டியதில்லை, காய்ச்சல் இருந்தால் நிறுத்த வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் வீட்டில் இருக்க வேண்டும். காலையில் தெளிவாக எழுந்துவிட்டான் என்று அனுப்பினால் பள்ளியே திருப்பி அனுப்பும். ஸ்கார்லெட் ஃபீவருக்கு ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம். இம்பெட்டிகோ எனும் தோல் புண்ணுக்குப் புண் காயும் வரை, அல்லது ஆன்டிபயாடிக் தொடங்கி 48 மணி நேரம். கண்நோவுக்கும் பேனுக்கும் லீவு கிடையாது. நம் ஊரில் கண் சிவந்தாலே வீட்டில் வைத்துவிடுவோம். இங்கே அப்படி வைத்தால் பள்ளி கேள்வி கேட்கும்.

சின்னம்மைக்குத் தடிப்பு தோன்றியதிலிருந்து குறைந்தது 5 நாள், அதோடு எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே அனுப்ப மாட்டோம் என்கிற வீடுகள் உண்டு. தண்ணீர் ஊற்றும் நாள் பொருக்குத் தட்டிய நாளைத் தாண்டிப் போனால், கூடுதல் நாட்களைப் பள்ளி நோயாக ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சடங்கை வார இறுதியில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அப்பாயிண்ட்மெண்ட் நாட்கள்

பல பேருக்குத் தெரியாத ஒன்று: ரெஜிஸ்டர் எடுக்கும் நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருந்தால் அந்த அரைநாள் வந்ததாகவே கணக்கு. 10.30க்குப் பல் டாக்டர் என்றால் காலை பள்ளியில் விட்டு, பெயர் குறித்த பிறகு ஆபீஸில் சொல்லி அழைத்துப் போங்கள். லீவு என்றே பதிவாகாது. பிற்பகல் ரெஜிஸ்டருக்குள் திரும்பிவிட்டால் அந்த நாள் முழுதும் வந்த நாள்தான்.

8.50க்கே அப்பாயிண்ட்மெண்ட் என்றால் முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ரெஜிஸ்டர் அதிகபட்சம் 30 நிமிடம் திறந்திருக்கும். அதற்குப் பிறகு காரணம் சொல்லாமல் நுழைந்தால் 'யு' விழும், அது அபராதக் கணக்கில் சேரும். சொல்லிவிட்டு வந்தால் 'எம்'. பள்ளியில் காட்ட, அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அனுப்பிய எஸ்.எம்.எஸ். அல்லது அப்பாயிண்ட்மெண்ட் கார்டே தாராளம்.

பள்ளி ஆதாரம் கேட்டால்

அரசின் வழிகாட்டி இதில் தெளிவாக இருக்கிறது. பெரும்பாலான சமயங்களில் பிள்ளைக்கு நோய் என்று பெற்றோர் சொன்னால் பள்ளி அதை ஏற்கலாம், வழக்கமாக மருத்துவ ஆதாரம் கேட்கக் கூடாது. நோய் உண்மைதானா என்பதில் நியாயமான, உண்மையான சந்தேகம் இருக்கும்போது மட்டுமே கேட்கலாம். ஒவ்வொரு வெள்ளியும் காய்ச்சல், விடுமுறைக்கு முந்தைய மூன்று நாள் வயிற்றுவலி, லீவு மறுக்கப்பட்ட அதே வாரத்தில் நோய் என்றால் பள்ளிக்குச் சந்தேகம் வருவது இயல்பு. ஒரு பள்ளி 'வருகை 95 சதவீதத்துக்குக் கீழே போன எல்லோரும் டாக்டர் கடிதம் கொண்டுவர வேண்டும்' என்று பொதுவாகச் சுற்றறிக்கை விட்டால் அது வழிகாட்டிக்கு ஒத்த நடைமுறை அல்ல. அப்படி வந்தால் மரியாதையாக ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "எந்தத் தேதி லீவில் சந்தேகம், எதனால்?"

ஆதாரம் என்றால் ஜிபி கடிதம் என்று பொருளல்ல. கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று போதும்:

- தேதி தெரியும் அப்பாயிண்ட்மெண்ட் கார்டு அல்லது எஸ்.எம்.எஸ்.
- என்.எச்.எஸ். ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்
- பிரிஸ்கிரிப்ஷன் நகல், அல்லது பிள்ளை பெயரும் தேதியும் உள்ள மருந்துப் பெட்டி லேபிளின் போட்டோ
- ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தால் டிஸ்சார்ஜ் கடிதத்தின் முதல் பக்கம்

பள்ளி லீவுக்குச் சான்று எழுதித் தருவது என்.எச்.எஸ். ஒப்பந்தப்படி ஜிபியின் வேலை அல்ல. தனியாக எழுதித் தந்தால் கட்டணம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். ரிசப்ஷனில் சண்டை போட்டுப் பயனில்லை. 'ஜிபி கடிதம் தருவதில்லை, அதற்குப் பதில் இது' என்று மேலே உள்ளதில் ஒன்றைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

அனுப்பும் முன் ஒரு நிமிடம் அந்தப் படத்தைப் பாருங்கள். மருந்துப் பெட்டியில் பிள்ளை பெயர், தேதி, பார்மசி பெயர் இவை பள்ளிக்குத் தேவை. மருந்தின் பெயர் தேவையில்லை, அதை மறைத்து எடுங்கள். ஆஸ்பத்திரி எஸ்.எம்.எஸ்.ஸில் 'எபிலெப்சி கிளினிக்' என்றோ 'மனநலப் பிரிவு' என்றோ இருந்தால் அந்த வரி மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். தேதி, நேரம், ஆஸ்பத்திரி தெரியும்படி வெட்டி அனுப்பினால் போதும். கையில் காகிதமாக இருந்தால் ஆபீஸில் காட்டிவிட்டு, 'பார்த்தோம் என்று குறித்துக்கொண்டால் போதுமா, நகல் அவசியமா' என்று கேளுங்கள். பல நேரம் காட்டினாலே போதும் என்பார்கள்.

பிள்ளையின் மருத்துவத் தகவல் யார் கைக்குப் போகிறது

உடல்நலத் தகவல் பிரிட்டனின் ஜிடிபிஆர் எனும் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறப்புப் பாதுகாப்புள்ள வகை. பள்ளி தேவையான அளவே கேட்க வேண்டும், தேவையானவர்களே பார்க்க வேண்டும். ரெஜிஸ்டரில் 'ஐ' என்ற எழுத்து போதும், நோயின் பெயர் அதில் இல்லை. இந்த வருகைத் தரவு தினமும் கல்வித் துறைக்கும் போகிறது, அங்கேயும் போவது குறியீடுதான்.

கசிவு நடப்பது வேறு இடங்களில். பள்ளி ஆப்பில் 'காரணம்' என்ற கட்டத்தில் நீங்கள் எழுதும் வாக்கியம் அப்படியே சேமிக்கப்படுகிறது, ஆபீஸில் யார் திறந்தாலும் தெரியும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 'எங்கள் பையனுக்கு இன்ன டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள்' என்று போட்டால் அதற்கு எந்தச் சட்டமும் காவல் இல்லை. வகுப்பாசிரியரிடம் கேட்டில் நின்று பேசும்போது பின்னால் நிற்கும் நான்கு பெற்றோருக்கும் கேட்கும். நீண்டகால நோய், மனநலம், மாதவிடாய்ச் சிக்கல் போன்றவற்றைப் பேச நேரம் கேட்டு, அறைக்குள் உட்கார்ந்து பேசுங்கள். 'இந்தத் தகவல் யார் யாருக்குத் தெரியும்?' என்று கேட்பது அவமரியாதை ஆகாது, நல்ல பள்ளி அதற்குப் பெயர் பெயராகப் பதில் சொல்லும்.

ஜிபியிடம் நேரடியாகத் தகவல் கேட்கப் பள்ளி உங்களிடம் சம்மதப் படிவம் நீட்டலாம். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். 'பிள்ளையின் மருத்துவப் பதிவுகள் அனைத்தும்' என்று இருந்தால், 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, பள்ளி வருகையைப் பாதிக்கும் தகவல் மட்டும்' என்று திருத்தி எழுதிக் கையெழுத்திடலாம். மறுக்கவும் உரிமை உண்டு. ஆனால் பிள்ளையின் பாதுகாப்பு பற்றிய கவலை எழும்போது, உங்கள் சம்மதம் இல்லாமலே பள்ளியும் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலும் டாக்டரும் தகவல் பரிமாறிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தகவல் பாதுகாப்பு என்று சொல்லி அதை நிறுத்த முடியாது.

தகவல் கொடுத்தே ஆக வேண்டிய இடமும் இருக்கிறது. ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, வேர்க்கடலை அலர்ஜி போன்றவற்றை மறைக்காதீர்கள். நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது பிரச்சினை ஆகும் என்று வலிப்பை மறைக்கும் வீடுகள் இருக்கின்றன. பள்ளியில் ஒரு வலிப்பு வந்தால் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வது என்று தெரிந்த ஆள் அங்கே இருந்தாக வேண்டும். 2014-ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, மருத்துவத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகள் ஏற்பாடு செய்யக் கடமைப்பட்டவை என்கிறது. அந்தப் பிள்ளைக்கெனத் தனி ஆரோக்கியத் திட்டம் எழுதச் சொல்லுங்கள். என்ன அறிகுறி, எந்த மருந்து எத்தனை அளவு, யார் கொடுப்பார், எப்போது ஆம்புலன்ஸ், யார் யார் இந்தத் தாளைப் பார்க்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் தனியாக ஜிபியைப் பார்க்கலாம். விஷயத்தைப் புரிந்து முடிவெடுக்கும் பக்குவம் இருக்கிறது என்று டாக்டர் கருதினால், பெற்றோரிடம்கூடச் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். 1985-இல் பிரபுக்கள் சபை தந்த தீர்ப்பிலிருந்து வரும் வழக்கம் இது. நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆனாலும் டாக்டரை வற்புறுத்திப் பதில் வாங்க முடியாது.

நோய் நீண்டால்

ஒரு பிள்ளை நோயால் தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ 15 பள்ளி நாட்கள் வராமல் போகும் என்று தெரிந்தால், பள்ளி அதைக் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். இது புகார் அல்ல. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வேறு வழியில் பாடம் கிடைக்க ஏற்பாடு செய்வது கவுன்சிலின் கடமை, அதற்கான தகவல்தான் இது. அறுவை சிகிச்சை போல முன்கூட்டியே தெரிந்திருந்தால் காத்திருக்காமல் நீங்களே பேச்சை எடுங்கள். இந்தக் கட்டத்தில் மட்டும் ஸ்பெஷலிஸ்ட் கடிதம் பெரிதும் உதவும்.

மொத்த அரைநாட்களில் 10 சதவீதம் தவறினால் 'தொடர் வராமை' என்ற பட்டியலில் பெயர் ஏறும். ஆண்டுக் கணக்கில் அது 19 நாள். ஏற்கப்பட்ட நோய் லீவும் இந்தச் சதவீதத்தில் சேரும். ஆகவே எல்லா நாளும் 'ஐ' என்று இருந்தாலும் கடிதம் வரலாம். பயந்து ஒதுங்காமல் மீட்டிங்குக்குப் போங்கள், 'எந்த உதவி கிடைக்கும்' என்று கேளுங்கள்.

அபராதம்

அபராதம் ஏற்கப்படாத லீவுக்கு மட்டும். 10 பள்ளி வாரங்களுக்குள் 10 அரைநாள் சேர்ந்தால் கவுன்சில் வரை போகும். 'ஜி' ஆறு, 'யு' நான்கு என்று கலந்தும் பத்தாகலாம். முதல்முறை 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்ட், 28 நாளுக்குள் என்றால் 160. ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்றால் குறைந்தது 320 பவுண்ட். அதே பிள்ளைக்காக அதே பெற்றோருக்கு மூன்று ஆண்டுக்குள் இரண்டாவது வந்தால் நேராக 160. மூன்றாவது முறை அபராத நோட்டீஸ் கிடையாது, கோர்ட்டுக்கே போகலாம். இதற்கு முறையான அப்பீல் இல்லை. எனவே நோட்டீஸ் வரும் முன்பே தவறான எழுத்தைத் திருத்த வைப்பதுதான் வழி. கட்டாயக் கல்வி வயது ஐந்தாவது பிறந்தநாளுக்கு அடுத்த பருவத்தில் தொடங்குகிறது. அதுவரை ரிசப்ஷன் எனும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு இந்த அபராதம் பொருந்தாது.

ஊருக்குப் போன இடத்தில் நோய்

பள்ளி மிகவும் சந்தேகப்படும் லீவு இது. கோடை விடுமுறைக்குச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய், திரும்பும் நாளில் பிள்ளைக்கு டெங்கு என்றால் பள்ளி திறக்கும் முதல் நாளே ஈமெயில் அனுப்புங்கள். ஆஸ்பத்திரி முத்திரை, தேதி, டாக்டரின் பதிவு எண் உள்ள ஆங்கிலச் சான்று, டிக்கெட் மாற்றிய விமான நிறுவனத்தின் ரசீது இரண்டையும் இணையுங்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கை வேண்டியதில்லை. தெரிந்த டாக்டரிடம் எழுதி வாங்கிய பொய்ச் சர்ட்டிபிகேட் வேண்டவே வேண்டாம். டிக்கெட் ஆரம்பத்திலேயே பின்தேதிக்குப் போட்டிருந்தால் அது வெளிப்பட்டுவிடும், அதன்பின் உண்மையான நோய்க்கும் பள்ளி உங்களை நம்பாது.

பாட்டி இறந்துவிட்டார், உடனே கிளம்ப வேண்டும் என்றால் அது நோய் லீவு அல்ல. விமானம் ஏறும் முன் தலைமையாசிரியருக்கு எழுதி 'சி' கேளுங்கள், திரும்பும் தேதியைக் குறிப்பிடுங்கள். அனுமதித்த லீவு முடிந்து 10 பள்ளி நாட்களுக்குள் திரும்பாவிட்டால், பள்ளியும் கவுன்சிலும் விசாரித்த பிறகு பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட முடியும். நோயால் வர முடியவில்லை என்று பள்ளிக்குத் தெரிந்திருந்தால் எடுக்க முடியாது. சீட் போய்விட்டால் அதே பள்ளியில் மறுபடி கிடைக்கும் என்ற உறுதியில்லை.

பதிவைச் சரிபார்ப்பது

ஒவ்வொரு பருவ முடிவிலும் பிள்ளையின் வருகைப்பதிவை எழுத்துகளோடு கேட்டு வாங்கி, உங்கள் ஈமெயில்களோடு ஒப்பிடுங்கள். 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' இருந்தால் தேதியைக் குறித்து, அன்று அனுப்பிய ஈமெயிலை இணைத்துத் திருத்தக் கேளுங்கள். ரெஜிஸ்டரில் திருத்தினால் பழைய எழுத்து, புதிய எழுத்து, காரணம், தேதி, திருத்தியவர் பெயர் எல்லாம் பதிவில் நிற்க வேண்டும். பதிவுகள் 6 ஆண்டு பாதுகாக்கப்படும்.

பிள்ளையைப் பற்றிப் பள்ளி வைத்திருக்கும் மருத்துவக் குறிப்புகள் அனைத்தையும் பார்க்க, தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு கோரிக்கை எழுதலாம். கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சிக்கலானது என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். பிள்ளை விவரம் புரிந்த வயதென்றால் அதன் சம்மதத்தையும் பள்ளி கேட்கும். தவறான தகவலோ, தேவையில்லாதவர்களுக்குப் பகிர்ந்ததோ தெரிந்தால் முதலில் பள்ளியின் தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அப்படி ஒருவர் இருப்பது கட்டாயம், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம் இணையதளத்தில் தனியுரிமை அறிவிப்பின் அடியில் இருக்கும். அவர் பதில் சரியில்லை என்றால் தகவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே புகார் செய்யவும் கட்டணம் இல்லை, பள்ளியோடு நடந்த எழுத்துப் போக்குவரத்தின் நகல்கள் மட்டும் வேண்டும்.